ஜிலேபி மீனுக்கு எத்தனை மூக்கு?

இந்த ஞாயித்துக்கிழமை மீன் கடைக்குப் போனா, வெட்டக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பொறுங்க. ஜிலேபி கெண்டையைக் கையில எடுத்து மூஞ்சியை உத்துப் பாருங்க. கண்ணுக்கு முன்னால, பக்கத்துக்கு ஒரே ஒரு ஓட்டை இருக்கும். அதுதான் மூக்கு. அடுத்து ரோகுவை எடுங்க. பக்கத்துக்கு ரெண்டு! பெரும்பாலான மீன்களுக்கு ரெண்டுதான். கடைக்காரர் முறைப்பார், கண்டுக்காதீங்க. அந்த ஒத்தை ஓட்டைதான் நம்ம மேட்டூர் டேம் மீனை மன்னார் வளைகுடா பவளப்பாறையோடு சேர்த்து யோசிக்க வெச்ச சங்கதி.

பவளப்பாறையில் 'பொமாசென்ட்ரிடே'ன்னு ஒரு மீன் குடும்பம் இருக்கு. பேர் வாயில நுழையலைன்னா விடுங்க, 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படம் ஞாபகம் இருக்கா? அந்த ஆரஞ்சு கலர் கோமாளி மீன் இந்தக் குடும்பத்து வாரிசுதான். மொத்தம் 400-க்கும் மேற்பட்ட இனங்கள். முக்கால்வாசி உங்க உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல இருக்கிற 21 தீவுகளைச் சுத்தின பாறைகளிலும் இருக்கு. இதுங்களுக்கும் பெரும்பாலும் ஒத்தை மூக்குதான்.

நான் நாமக்கல்காரி. எங்க ஊர்ல முட்டை உண்டு, லாரி உண்டு, மலைக்கோட்டை உண்டு. கடலைப் பார்க்கணும்னா பஸ்ல அரை நாள் போகணும். பி.எஸ்ஸி. விலங்கியல் முடிச்சுட்டு, பரங்கிப்பேட்டையில கடல்வாழ் உயிரியல் படிக்கப் போறேன்னு வீட்டுல சொன்னதும் அம்மா பி.எட். விண்ணப்பத்தை வாங்கிட்டு வந்துட்டாங்க. அப்பா லாரிக்கு பாடி கட்டுற பட்டறையில வெல்டர். அவர் கோபப்படலை. "ஏனம்மிணி, கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு, கடல் மீனு எந்தக் குடும்பம்னு பிரிச்சு வெச்சு என்ன பண்ணப்போற?"ன்னு மட்டும் கேட்டார். நியாயமான கேள்விதானே? ராத்திரி சாப்பாட்டுத் தட்டுல இருந்த ஜிலேபி மீனை வெச்சே ஆரம்பிச்சேன்.

மீனோட தொண்டைக்குள்ள ரெண்டாவதா ஒரு தாடை இருக்கு. சில மீன்களுக்கு அந்தத் தாடையோட கீழ் எலும்புகள் ரெண்டும் ஒட்டி ஒரே எலும்பாயிடும். முன்வாய் கவ்வும், தொண்டை அரைக்கும். பவளப்பாறையில திரியற நீமோ வகையறா, கிளிமீன், நம்ம ஜிலேபி... மூணுக்கும் இது இருக்கு. 1840-களிலேயே ஜெர்மன்காரர் யோஹானஸ் முல்லர் இதைக் கவனிச்சு இதுங்களையெல்லாம் ஒரே கூட்டமா சேர்த்தார். 1982-ல் காஃப்மன், லீம்னு ரெண்டு விஞ்ஞானிகள் அதே தாடையை ஆதாரமா வெச்சு, இவையெல்லாம் ஒரே மூதாதையோட வாரிசுகள்னு அடிச்சுச் சொன்னாங்க. பாடப் புத்தகத்துலயும் ஏறிடுச்சு. நீமோவும் ஜிலேபியும் பங்காளிங்க!

அப்புறம் டி.என்.ஏ. வந்தது. கிளிமீன் கூட்டம் எங்கேயோ தூரத்துல போய் நின்னுச்சு. அந்த ஒட்டுத்தாடை ஒரே வீட்டுச் சொத்து இல்லை, வெவ்வேறு வம்சத்துல தனித்தனியா உருவானதுன்னு தெரிஞ்சுபோச்சு.

இங்கேதான் அப்பா குறுக்கே வந்தார். "டாடா சேஸிஸ்ல கட்டுனாலும் லேலண்டுல கட்டுனாலும் நாங்க கட்டுற பாடி ஒண்ணாட்டத்தான் இருக்கும். குனிஞ்சு அடியில பாத்தாத்தான எதுன்னு தெரியும்." காலேஜ்ல ஒரு மணி நேரம் நடத்தின பாடங்க அது!

ஆனா நீமோவும் ஜிலேபியும் ஒரேயடியா பிரிஞ்சுடலை. 2012-ல் 'ஓவலென்டேரியா'ன்னு ஒரு பெரிய கூட்டத்துக்குப் பேர் வெச்சாங்க. 'ஒட்டும் முட்டை'ங்கிறதுதான் அந்தப் பேருக்குள்ள இருக்கிற லத்தீன். (முட்டை ஊர்க்காரிக்கு இதைவிட என்ன வேணும்!) நீமோவோட அப்பா பாறையில ஒட்டின முட்டைகளுக்குக் காவல் நிக்கும். ஜிலேபி மட்டும் தனி ரகம், முட்டையைத் தாய் வாய்க்குள்ள வெச்சுக் காப்பாத்தும். ரெண்டும் இந்தக் கூட்டம்தான். கடலோரத்து மடவையும், சேலத்துல கலர் மீன் கடையில விக்கிற கப்பியும்கூட இதே கூட்டம். அதாவது 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீனுக்கு நாம 'கெண்டை'ன்னு பேர் வெச்சிருக்கோம். ஆனா அதுக்குக் கெண்டையைவிட நீமோதான் கிட்டத்துச் சொந்தம்.

குடும்பத்துக்குள்ளயும் கலாட்டா உண்டு. கோமாளி மீன்களுக்கு ரொம்ப நாளா தனி துணைக்குடும்ப அந்தஸ்து இருந்துச்சு. 2021-ல் டாங்கும் அவர் கூட்டாளிகளும் வம்சாவளியை மறுபடி வரைஞ்சு, அதை இன்னொரு துணைக்குடும்பத்துக்குள்ள ஒரு சின்னக் கிளையா இறக்கிட்டாங்க. சினிமா ஸ்டாரா இருந்தா என்ன, டி.என்.ஏ. சலுகை தராது.

"சரி, பிரிச்சாச்சு. அப்புறம்?" அப்பா விடலை.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016-ல் கடல் சூடேறி பவளங்கள் வெளுத்துச்சு. இந்தக் குடும்பத்துல சில மீன்களுக்கு ஒரே ஒரு பவளப் புதர்தான் வீடு. புதர் செத்தா வீடு போச்சு. பார்க்க ஒண்ணுபோல இருக்கிற ரெண்டு நீல மீனை 'ஒரே இனம்'னு எழுதி வெச்சிருந்தோம்னு வைங்க. அதுல ஒண்ணு மொத்தமா அழிஞ்சாலும் நம்ம பட்டியல்ல ஒரு எண்ணிக்கைகூடக் குறையாது. போனதே தெரியாது. இதைத்தான் அப்பாகிட்ட சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துட்டிருந்தார். அப்புறம் பரங்கிப்பேட்டையில ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டார். அம்மா மட்டும் அந்த பி.எட். விண்ணப்பத்தை இன்னும் பீரோவுல பத்திரமா வெச்சிருக்காங்க.