கல்லும் புல்லும்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்; புல்லைப் பார்ப்பவர் யாருமில்லை. அங்கே கிருஷ்ண மண்டபத்துப் பாறையில், கண்ணன் மலையைத் தாங்கி நிற்க, ஆயன் ஒருவன் அமைதியாகப் பால் கறந்துகொண்டிருக்கிறான். பசுவோ தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. பல்லவர் காலத்துச் சிற்பியின் கைவண்ணத்தை வியக்கும் நாம், அவன் கண்ட பசுக்கள் எங்கே மேய்ந்தன என்று கேட்பதே இல்லை.

இதற்கு விடை வேண்டுமானால், செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்கு வரும் சாலையில் சாவதானமாகப் பிரயாணம் செய்ய வேண்டும். இது ஏரிகள் நிறைந்த ஜில்லா. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பும். தை பிறந்த பிறகு நீர் மெல்ல மெல்ல வடியும். வடிந்த இடத்திலெல்லாம் பசும்புல் தலைகாட்டும். அந்த ஏரி உள்வாய்களிலும், அறுவடை முடிந்த வயல்களிலும், மேய்க்கால் புறம்போக்குகளிலுமே இப்பக்கத்துக்கு உரிய மெட்ராஸ் சிவப்புச் செம்மறிகள் வயிறு வளர்க்கின்றன. மந்தைக்காரருக்குக் கிணறும் இல்லை, வயலும் இல்லை. வானமும் புல்லுமே அவருடைய ஆஸ்தி.

அந்த ஆஸ்திக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. ஹவாய்த் தீவிலுள்ள மௌனலோவா மலைமீது 1958-ம் வருஷம் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. "கரியமில வாயு பயிருக்கு உணவாயிற்றே, அது மிகுந்தால் புல்லும் செழிக்குமல்லவா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

புல்லில் இரண்டு ஜாதி உண்டு. நெல்லைப் போன்றவை ஒரு ஜாதி. காற்றில் கரியமில வாயு மிகுந்தால் இவற்றுக்கு நேரடியாக லாபம். அருகு, கொழுக்கட்டைப்புல், கரும்பு, சோளம் ஆகியவை மற்றொரு ஜாதி. இவை அந்த வாயுவை இலைக்குள்ளேயே திரட்டிச் சிக்கனமாகச் செலவிடும்; ஆகையால் வெயிலையும் வறட்சியையும் தாங்கும். வாயு மிகுவதால் முதல் ஜாதிக்கே நன்மை என்று தாவர சாஸ்திரிகள் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவில் மின்னஸோட்டா ராஜ்யத்தில் இருபது வருஷம் நடந்த பரிசோதனையின் முடிவு 2018-ல் வெளியாயிற்று. முதல் பன்னிரண்டு வருஷம் அவர்கள் எண்ணியபடியே நடந்தது. அடுத்த எட்டு வருஷம் எல்லாம் தலைகீழாகி, இரண்டாம் ஜாதியே அதிகம் வளர்ந்தது! மண்ணில் தழைச்சத்து கிடைக்கும் விதம் மாறியது இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள்.

அப்படியானால் நம் அருகுக்கு யோகம் என்று மகிழ்ந்துவிடலாமா? புல் வளர்வது வேறு, அதில் சத்து இருப்பது வேறு. வெப்பம் ஏறினால் புல் விரைவில் பூத்து முற்றிவிடும். தண்டில் நார் மிகும், புரதம் குறையும். ஆடு வயிறாரத் தின்னும், ஆனால் உடம்பில் ஒட்டாது.

மழையின் போக்கோ அதைவிடப் பெரிய கவலை. 2015-ம் வருஷம் வடகிழக்குப் பருவமழை வெள்ளமாக வந்து ஊரை மூழ்கடித்தது. மறு வருஷமே தமிழ்நாடு முழுவதிலும் அது வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்துபோயிற்று. சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் மழை ஓடிவிடுமே தவிர, மண்ணுக்குள் இறங்காது. வேரிலும் கணுவிலும் உயிரை வைத்திருக்கும் அருகு எப்படியோ பிழைத்துக்கொள்ளும். ஆனால் விதையை நம்பியிருக்கும் புற்கள், விதை முற்றுமுன் மேய்ச்சலுக்கு இரையானால், மறு வருஷம் முளைப்பதில்லை. அந்தக் காலி இடத்தில் சீமைக் கருவேல் வந்து குடியேறுகிறது.

கடலோரத்தில் மணல்மேட்டை இறுகப் பற்றியிருப்பது இராவணன் மீசை என்னும் முரட்டுப் புல். அதன் முள்ளுக்கு அஞ்சி மாடு அருகில் போவதில்லை. இருந்தாலும் அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மேடு கரைந்து, அதன் பின்னாலுள்ள நிலத்தில் உப்பு ஏறினால், மாடு விரும்பும் புல் அங்கே நிற்காது.

கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வகைகளைக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறார்கள். கிணறுள்ளவருக்கு அது நல்ல வரம். கிணறில்லாத மந்தைக்காரருக்கு வழி ஊர்ப் பொது நிலத்தில்தான் இருக்கிறது. சீமைக் கருவேலை அகற்றி, கொழுக்கட்டைப்புல்லோடு முயல் மசாலை விதைக்கலாம். முயல் மசால் பயறு இனம். மண்ணுக்குத் தழைச்சத்தும் ஆட்டுக்குப் புரதமும் தரும். பிறகு மழைக்காலத்தில் மேய்ச்சல் நிலத்தைப் பகுதி பகுதியாக அடைத்து, விதை விழும்வரை ஓய்வு கொடுக்க வேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஊரார் ஒன்றுகூடி ஒரு கட்டுப்பாட்டுக்கு வந்தால் போதும்.

ஆனால் அதற்கு மேய்க்கால் நிலம் மிஞ்சியிருக்க வேண்டுமே! சென்னைப் பட்டணம் தெற்கே நீண்டுகொண்டே வருகிறது. மனைக் கற்கள் நடப்படாத வெளி வருஷந்தோறும் சுருங்குகிறது. கல்லில் செதுக்கிய பசுவுக்குப் புல் வேண்டாம், அது இன்னும் ஆயிரம் வருஷம் பால் சுரந்து நிற்கும். உயிருள்ள பசுவின் பாலை நம் குழந்தைகளின் குழந்தைகளும் குடிக்க வேண்டுமென்றால், மேய்க்கால் நிலத்தையும் ஒரு புராதனச் சின்னத்தைப் போலவே காக்க வேண்டும்.