ரோசியோவின் அலைகளும் ஒரு சுத்தியலும்

லிஸ்பன் நகரின் ரோசியோ சதுக்கத்தில் தரை முழுக்கக் கறுப்பு வெள்ளை அலைகள். உள்ளங்கைக்குள் அடங்கும் கற்களைப் பாவி 1849-இல் முடித்த கோலம் அது. பார்க்கப் பார்க்கத் தரையே ஏறி இறங்குவதுபோல் இருக்கிறது, நடந்தால் சமதளம்.

அதைவிட என்னைக் கட்டிப்போட்டது பக்கத்துத் தெருவில் நடந்த மராமத்து வேலை. குழாய்க்காக நடைபாதையைத் தோண்டியிருந்தார்கள். பெயர்த்த கற்களை வண்டியில் ஏற்றவில்லை. கறுப்பு ஒரு குவியல், வெள்ளை ஒரு குவியலாக ஓரத்திலேயே கிடந்தன. குழியை மூடி மணல் பரப்பியதும் கல் பாவுகிறவர் வந்து குந்தினார். இடக்கையில் கல், வலக்கையில் சுத்தியல். கல்லை விரல்களால் ஒருமுறை உருட்டிப் பார்ப்பார்; ஒரே தட்டு, வேண்டிய முகம் வந்துவிடும். கோலம் வருமிடத்தில் மட்டும் அச்சை வைத்து, அதன் விளிம்பையொட்டிக் கறுப்புக் கற்களை நட்டார். பிறகு இடுக்குகளில் மணலைக் கூட்டித் தள்ளி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்தார்கள். சிமென்ட் இல்லாததால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். குழாய் மறுபடி கசிந்தால் அதே கற்களைப் பெயர்த்து மறுபடி பாவலாம். வேலை முடிந்ததும் குனிந்து தேடினேன். தோண்டிய இடத்தின் எல்லை எதுவென்று என் கண்ணுக்குப் பிடிபடவேயில்லை. எத்தனை பெரிய வித்தை!

இந்தக் கல் பாவும் கலை வேரூன்றியது கைதிகளின் உழைப்பில். லிஸ்பனின் சான் ஜோர்ஜ் கோட்டையின் அதிகாரியாக இருந்த எவுசேபியு ஃபுர்த்தாது, 1842-இல் அங்கே அடைபட்டிருந்தவர்களைக் கொண்டு நெளிநெளியாக ஒரு தளம் போடவைத்தார். அதைக் கண்டு மயங்கிய நகரம் ரோசியோ வேலையையும் அவரிடமே ஒப்படைத்தது. அதே அலைகள் பின்னாளில் கடல் கடந்து ரியோ டி ஜெனிரோவின் கோபகபானா கடற்கரையிலும், மக்காவ் நகரிலும் எழுந்தன.

குறையும் உண்டு. தேய்ந்த கல் மழையில் வழுக்குகிறது. முதியவர்கள் சுவரைப் பிடித்தபடி இறங்குவதைப் பார்த்தேன். சரிவான தெருக்களில் சொரசொரப்பான பட்டை ஒன்றாவது வேண்டும் என்பதே என் கட்சி. ஆள் பற்றாக்குறை இன்னும் பெரிய கவலை. வெயிலில் நாளெல்லாம் குந்தி முதுகு ஒடியும் இந்த வேலைக்கு இளையவர்கள் எளிதில் வருவதில்லை. அதற்காகவே 1986-இல் நகராட்சி ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தது. கைத்தேர்ச்சி இல்லாதவர்கள் இடுக்கில் சிமென்டை ஊற்றிச் சமாளிக்கிறார்கள். அப்படி இறுகிப்போன தளத்தை அடுத்த முறை தோண்டும்போது கல் முழுசாகப் பெயர்ந்து வருவதில்லை, உடைந்துபோகிறது.