பொங்கல் இல்லாத வீட்டுக்கு ஒரு அட்டை

மார்கழி பாதி தாண்டினால் பட்டினப்பாக்கத்தில் இருக்கும் அந்த வீட்டுக்குக் கோவில்பட்டியிலிருந்து ஒரு தபால் உறை வந்துவிடும். உள்ளே அத்தை வாட்டர் கலரில் வரைந்த பொங்கல் வாழ்த்து. ஒரு வருஷம் கரும்புக் கட்டு, இன்னொரு வருஷம் கொம்பில் பெயின்ட் அடித்த மாடு. அத்தை ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர். வாட்ஸ்அப் வந்த பிறகும் அவர் அட்டையை நிறுத்தவில்லை. வந்தது எல்லாமே பாட்டியின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

இந்த வருஷம் உறை வரவில்லை. ஆடி மாசம் மாமா தவறிவிட்டார்.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. பிறந்த வீட்டிலிருந்து போகும் பொங்கல் சீரும் இந்த முறை இல்லை. அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து என்று மகளுக்காக வருஷா வருஷம் பட்டியல் போடும் பாட்டிக்கு இந்தத் தடவை செய்வதற்கு ஒன்றுமில்லை. டி.வி ஓடிக்கொண்டிருக்கும், பாட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நாம ஒரு கார்டு அனுப்பலாமா பாட்டி?" என்று கேட்டாள், பிளஸ் டூ படிக்கும் பேத்தி.

"துக்க வீட்டுக்கு யாராவது வாழ்த்து அனுப்புவாங்களாடி?"

"வாழ்த்துன்னு போட வேணாம். சும்மா ஒரு படம்."

பாட்டி பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் தை பிறக்கும் முன் தபால் நிலைய வாசலில் பொங்கல் அட்டைக் கடைகள் முளைக்கும். சிவகாசியில் அச்சான எம்.ஜி.ஆர், சிவாஜி, பிறகு ரஜினி, கமல். உறையை ஒட்டாமல் புக் போஸ்ட்டில் போட்டால் ஸ்டாம்ப் செலவு குறைவு. அட்டை வாங்கக் காசில்லாத பிள்ளைகள் தாங்களே வரைந்தார்கள். அத்தை ஆரம்பித்ததும் அப்படித்தான்.

கையால் தீட்டுவதுதான் பழைய வழி. லண்டனில் 1843-ல் ஹென்றி கோல் வெளியிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டையில் கோடுகள்தான் அச்சு, வண்ணம் கையால் தீட்டியது. யுனிசெஃப் அட்டைகளின் கதை இன்னும் அழகு. போருக்குப் பிறகு கிடைத்த உதவிக்கு நன்றி சொல்ல, செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு படம் வரைந்தாள். காகிதம் கிடைக்காததால் கண்ணாடித் துண்டின் மேல்! 1949-ல் அதுவே யுனிசெஃப்பின் முதல் அட்டையானது.

பேத்திக்குக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் எடுத்தது தப்பான காகிதம். சார்ட் பேப்பரில் தண்ணீர் பட்டதும் அது அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. மயிலாப்பூர் போய் 300 ஜிஎஸ்எம் தாள் வாங்கி வந்தாள். எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் நடுவில் கோடு கீறி மடித்துப் பார்த்தாள். பிறகு விரித்து, நாலு ஓரத்தையும் பரீட்சை அட்டையில் டேப் போட்டு ஒட்டினாள்.

என்ன வரைவது? பொங்கிவரும் பானை கூடாது, கரும்பு கூடாது, கோலமும் கூடாது. மிச்சம் இருந்தது வீட்டுப் பக்கத்துக் கடல்தான். கல்யாணத்துக்கு முன் அத்தை தினமும் பார்த்த கடல். சீனிவாசபுரம் வரை நடந்துபோய், அடையாறு கடலில் சேரும் இடத்தையும் எதிர்ப்பக்கம் தெரியும் உடைந்த பாலத்தையும் போனில் படம் எடுத்து வந்தாள்.

வாட்டர் கலரில் வெள்ளைக்குத் தாளைத்தான் நம்ப வேண்டும். பூசாமல் விட்ட இடமே வெள்ளை. அலை நுரைக்காக, பிறந்தநாள் கேக்கில் மிஞ்சிய மெழுகுவர்த்தியைத் தாளில் தேய்த்துவிட்டு அதன் மேல் நீலம் ஓட்டினாள். மெழுகில் வண்ணம் ஒட்டவில்லை. நுரை தானாக எழுந்து வந்தது. வானம்தான் படுத்தியது. கடற்கரை வீட்டு ஈரக் காற்றில் தாள் லேசில் காயாது. பொறுமை இல்லாமல் இரண்டாவது பூச்சு பூசினாள், ஒரு மூலை திட்டாகிப்போனது. அந்த இடத்தில் இரண்டு காக்கைகளை வைத்துச் சமாளித்தாள். (காக்கை கைகொடுக்காத வானம் உண்டா?)

படம் முடிந்தது. உள்பக்கம் காலி. 'ஆழ்ந்த அனுதாபம்' என்று எழுதினால் பேனர் மாதிரி இருக்கும். 'இனிய' என்று தொடங்கும் எதையும் எழுத முடியாது. அவள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது பாட்டி வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாலத்தின் மேல் விரலை வைத்தார்.

"இங்கேதான்டி உங்க அத்தை செருப்பைத் தொலைச்சிட்டு வந்து அடி வாங்கினா."

பிறகு பேனாவைக் கேட்டார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற கை. ஒவ்வொரு எழுத்தாக இறங்கியது.

'சாப்பிட்டியா. அம்மா.'

அதற்குக் கீழே பேத்தி தன் பெயரை மட்டும் போட்டாள்.

போகிக்கு முதல் நாள் கோவில்பட்டியிலிருந்து வீடியோ கால். அத்தை போனைத் தள்ளிப் பிடிக்கத் தெரியாமல் பிடித்ததில் நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தன.

"சாப்பிட்டேம்மா" என்றார் எடுத்த எடுப்பில்.

பாட்டி தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பேத்தி திரையைத் தட்டிப் பார்த்தாள்.

"வானத்தை யாருடி இப்படிக் காய விட்டது?" அத்தையின் குரல் டீச்சர் குரலாகியிருந்தது. "ஈரத்துலயே கலரை ஓட விடணும். அந்தக் காக்கா ரெண்டும் எதுக்கு உட்கார்ந்திருக்குன்னு எனக்குத் தெரியும்."