எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார்?

ஆர்மீனியாவின் 2,000 திராம் நோட்டில் இருப்பது ஒரு சதுரங்க வீரரின் முகம். டிக்ரான் பெட்ரோசியன் 1929-இல் பக்கத்து ஜார்ஜியாவின் திபிலிசியில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தெருப் பெருக்கிப் பிழைத்தவர். 1963-இல் மாஸ்கோவில் போத்வின்னிக்கைத் தோற்கடித்து அவர் உலக சாம்பியனானபோது ஆர்மீனியத் தலைநகர் யெரெவான் விழாக்கோலம் பூண்டது. அதன்பின் பிறந்த ஆண் குழந்தைகள் பலருக்கு டிக்ரான் என்றே பெயர்.

யெரெவானில் அவர் பெயரில் முக்கோண வடிவில் ஒரு செஸ் இல்லம் உண்டு. திறக்கப்பட்டது 1970-இல். சுமார் 30 லட்சம் பேரே வாழும், கடற்கரை இல்லாத, கிழக்கிலும் மேற்கிலும் அண்டை நாடுகளின் பகையைச் சந்தித்த இந்தக் குட்டி நாடு 2006, 2008, 2012 என மூன்று முறை செஸ் ஒலிம்பியாட் தங்கத்தைத் தட்டிச் சென்றது.

இந்த மோகத்தை 2011-இல் அரசு பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. இரண்டாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை சதுரங்கம் கட்டாயப் பாடமானது. வாரத்துக்கு இரண்டு பீரியட். பாடப் புத்தகங்கள் தயாராயின. ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி தரப்பட்டது.

கணக்கு வாத்தியாருக்குச் சதுரங்கம் வசதியான கருவிதான். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று மதிப்பு. யானையைக் கொடுத்துக் குதிரையும் ஒரு சிப்பாயும் வாங்கினால் லாபமா, நஷ்டமா? ஏழு வயதுக் குழந்தை விரல்விட்டே கணக்குச் சொல்லிவிடும்.

ஆனால் பரீட்சையில் மார்க் கூடுமா? இங்கிலாந்தில் 100 ஆரம்பப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. செஸ் வகுப்பு முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தால், கற்ற பிள்ளைகளுக்கும் கற்காத பிள்ளைகளுக்கும் கணக்கில் வித்தியாசம் தெரியவில்லை. 2016-இல் வந்த அறிக்கை சொல்வது இது. மூளை வளரும், மார்க் ஏறும் என்று விளம்பரம் செய்யும் இந்தியப் பள்ளிகளும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய முடிவு.

பின்னே லாபம் என்ன? பதில் பெட்ரோசியனின் ஆட்டத்திலேயே இருக்கிறது. எதிராளியின் திட்டத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்து முளையிலேயே கிள்ளுவதில் அவர் பேர்போனவர். எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்ற கேள்வியை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் கேட்டாக வேண்டும். வேறு பாடங்களில் அதற்கு இடம் குறைவு. தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும். தோற்றால் பழிபோடப் பகடையோ சீட்டோ கிடையாது. கை குலுக்கிவிட்டு எழ வேண்டியதுதான்.

நட்சத்திர வீரர் லெவோன் அரோனியன் அமெரிக்காவுக்கு ஆடப் போய்விட்ட பிறகும், 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் ஆர்மீனியா வெள்ளி வென்றது. பதக்கம் சிலருக்குத்தான். அந்த வகுப்புகளில் உட்கார்ந்த மற்ற பிள்ளைகளும் வாரம் இரண்டு பீரியட் வாய்மூடி இருந்து, இன்னொருவர் மனதைப் படிக்கப் பழகினார்கள். பகைக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் மார்க்கைவிட உதவும்.