கயிறு திரிக்கிறேன் பாஸ்... நிஜமாவே!

‘மச்சி, ஓவரா கயிறு திரிக்காதே!’ - கேம்பஸ்ல இந்த டயலாக்கை வாங்காத ஆள் யாராவது இருக்கீங்களா? எனக்குத் தினமும் கிடைக்கும். ஒரே ஒரு வித்தியாசம், நான் நிஜமாவே கயிறு திரிக்கிறவன். அண்ணாமலை நகர்ல மெக்கானிக்கல் மூணாம் வருஷம். சனிக்கிழமை ஆனா சிதம்பரத்துலேர்ந்து கடலூர் பஸ்ஸைப் பிடிச்சு, புதுச்சத்திரம் பக்கம் இறங்கி, தாத்தா வீட்டுத் திண்ணையில ஆஜர். ஹாஸ்டல்ல என் பட்டப்பேரே ‘கயிறு’தான்!

தாத்தா விவசாயி. மாட்டுக்குத் தலைக்கயிறு, கிணத்துக்குத் தாம்புக்கயிறு, அடுப்படியில உறி, அறுப்பு நேரத்துல கட்டு கட்ட வைக்கோல் பிரி... எதையுமே அவர் காசு கொடுத்து வாங்கினது கிடையாது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் புதுக் கயிறு மாத்தணும் இல்லையா? அதுவும் அவர் திரிச்சதுதான். ரெண்டு வருஷம் முன்னால அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பிச்சுது. வலது கை விழுந்துடுச்சு. அந்தப் பொங்கலுக்கு அப்பா கடையிலேர்ந்து மஞ்சள் கலர் நைலான் கயிறு வாங்கிட்டு வந்தார். தாத்தா ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா, பொங்கலைத் தொடவும் இல்லை.

கைக்குப் பயிற்சின்னு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தாங்க. ‘பந்து விளையாடுற வயசாடா எனக்கு?’ன்னு அதைத் தூக்கிக் கொல்லையில எறிஞ்சுட்டார். அன்னிக்கு ராத்திரி ஆயா என்கிட்ட வந்து, ‘தம்பி, நீயாச்சும் அவருகிட்ட கத்துக்கயேன். அந்தக் கையில இருக்கிறதெல்லாம் அதோட போயிடப் போவுது’ன்னு சொல்லுச்சு. ஆயா கண்ணுல தண்ணி வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சரி, நார் எங்கே கிடைக்கும்? ஷாப்பிங் மால்ல கிடைக்காது பாஸ். வாய்க்கால் வரப்புல நடந்தா போதும். பனை மட்டையோட தோலை உரிச்சா பனை நார். வாழைப் பட்டையைக் கிழிச்சு காய வச்சா பூ கட்டுற நார். ரயில் தண்டவாள ஓரமா கத்தி மாதிரி நிக்குமே, அந்த ரயில் கற்றாழையில ஒரு மீட்டர் நீளத்துக்குக்கூட வெள்ளை வெளேர்னு நார் வரும். எருக்கங்குச்சியைக் காய வச்சு, பட்டையை உரிச்சா பட்டு மாதிரி நார். ஆனா, உஷார்! எருக்கம்பால் கண்ணுல பட்டா ஆபத்து. நம்ம சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த தில்லை மரத்துப் பாலும் அப்படித்தான். அதனால பிச்சாவரம் போனா போட்டிங் போயிட்டு, போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க. அங்கே உரிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

கற்றாழை மடலை நசுக்கி, மழுங்கின கத்தியால வழிச்சு எடுக்கலாம். இல்லேன்னா தண்ணியில ஊறப் போடலாம். பாக்டீரியா சதையைத் தின்னுட்டு நாரை மட்டும் விட்டு வைக்கும். அந்த நாத்தம் இருக்கே... ஹாஸ்டல் மெஸ் எல்லாம் தோத்துடும்! சாறு பட்டா கையும் அரிக்கும்.

நார் ரெடி. அடுத்ததுதான் சிக்கல். தாத்தாவுக்குத் திரிக்கத் தெரியும், சொல்லித்தரத் தெரியாது. அறுபது வருஷமா கை செஞ்ச வேலைக்கு அவர்கிட்ட வார்த்தையே இல்லை. ‘இப்புடி... இல்லடா, இப்புடி!’ன்னு இடது கையை ஆட்டுவார். கடைசியில ஒரு டீல் போட்டோம். நுனியைப் பிடிக்கிற கை அவரோட இடது கை. உருட்டுற கை என்னோட வலது கை. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள்!

ரெண்டு புரி நாரைத் தொடையில வச்சு உள்ளங்கையால முன்னால உருட்டினா, ரெண்டும் தனித்தனியா முறுக்கேறும். அப்படியே சேர்த்து வச்சுப் பின்னால இழுத்தா, ஒண்ணை ஒண்ணு எதிர்ப்பக்கமா சுத்திக்கும். புரி அவிழப் பார்க்கிற திசை ஒண்ணு, கயிறு அவிழப் பார்க்கிற திசை இன்னொண்ணு. ரெண்டும் மோதி நிக்கும். முடிச்சே போடாம கயிறு அப்படியே கிடக்கும்! ஒரே பக்கமா முறுக்கினா, கையை எடுத்ததும் எல்லாம் நாராயிடும். இதை நான் பேப்பர்ல அம்புக்குறி போட்டுக் காட்டினப்ப, தாத்தா ரொம்ப நேரம் பார்த்துட்டு, ‘ஆமாண்டா, இதான்’னார். கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆனா வர்ற சந்தோஷம் எப்படி இருக்கும்னு தெரியாது. இது அதுக்குக் கம்மியா இருக்காது.

இன்னொரு விஷயம். தேங்கா நாரோட நீளம் ஒரு சாண்தான் இருக்கும். அதுலேர்ந்து நூறடிக் கயிறு எப்படி வருது? ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல ‘பெல்ட் ஃப்ரிக்‌ஷன்’ படிச்சோமே, ஞாபகம் இருக்கா? உராய்வுக் கெழு 0.3னு வச்சுக்கோங்க. கம்பத்துல ஒரு சுத்து சுத்தினா பிடிமானம் சுமார் 6.6 மடங்கு. மூணு சுத்துக்கு சுமார் 285 மடங்கு! கயிறுக்குள்ள நடக்கிறதும் இதே உராய்வு விளையாட்டுத்தான். இழுக்க இழுக்க நாருங்க இன்னும் நெருக்கிப் பிடிக்கும். ஒரு நார் முடியற இடத்துல பக்கத்து நார் தாங்கிக்கும். ரெண்டு நுனியும் ஒரே இடத்துல வராம பார்த்துக்கணும், அவ்வளவுதான். பென்சில் கனத்துக்கு நாங்க திரிச்ச கற்றாழைக் கயிறுல 15 லிட்டர் வாளியை நிரப்பித் தொங்கவிட்டேன். அசையலையே!

இதோட வயசைக் கேட்டா தலை சுத்தும். பிரான்ஸ்ல ‘அப்ரி டு மரா’ங்கிற இடத்துல நியாண்டர்தால் மனுஷங்க திரிச்ச கயிறுத் துணுக்கு கிடைச்சிருக்கு. 2020-ல வந்த ஆராய்ச்சிப்படி அதுக்கு வயசு 41,000-லேர்ந்து 52,000 வருஷம். மூணு புரி. புரி ஒரு பக்கம், கயிறு எதிர்ப்பக்கம். அதே டெக்னிக்! பெருவுல ‘கெஸ்வாச்சாகா’ன்னு ஒரு புல்லுக்கயிறுப் பாலத்தை வருஷா வருஷம் ஊரே சேர்ந்து புதுசா கட்டுறாங்க. யுனெஸ்கோ 2013-ல அதைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. அவ்வளவு தூரம் எதுக்கு? மரங்களைக் கயிறால கட்டினதால கட்டுமரம். அதைத்தான் இங்கிலீஷ்காரன் ‘கேட்டமரான்’னான். தேவனாம்பட்டினம் கரையில இன்னிக்கு ஃபைபர் படகுங்கதான் வரிசை கட்டி நிக்குது. சிதம்பரத்துல ஆனியிலயும் மார்கழியிலயும் அஞ்சு தேர் ஓடுறப்ப வடத்தைக் கிட்டத்துல பாருங்க, புரி புரியா இருக்கும். போன ஆனியில நான் தேரைப் பார்க்காம வடத்தையே பார்த்துட்டு நின்னேன்.

தாத்தா கை சரியாயிடுச்சான்னு கேட்பீங்க. இல்லை. சட்டை பட்டன் இன்னும் ஆயாதான் போட்டு விடுது. ஆனா, போன மாசம் நான் உருட்டிட்டு இருக்கிறப்ப, நுனி அவரோட வலது கை கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருந்தது. எப்போ கை மாத்தினார்னு நான் கவனிக்கலை. அவரும் சொல்லலை. கொஞ்ச நேரத்துல விரல் நடுங்கிக் கயிறு நழுவுச்சு. திரும்பவும் எடுத்து அதே விரல்ல வச்சுக்கிட்டு, ‘என்னாடா பாக்குற, உருட்டு’ன்னார்.

வர்ற மாட்டுப் பொங்கலுக்கு எங்க பசுவுக்கு நாலு முழம் தலைக்கயிறு வேணுமாம். மூணு புரியில. நைலான் கயிறைக் கழட்டணும்னு இப்பவே ஆர்டர் போட்டுட்டார். இதுவரைக்கும் ரெண்டரை முழம் ஆயிருக்கு. அடுத்த வாரம் எனக்கு இன்டர்னல்ஸ் வேற!