நாலு சக்கரம்... நாலு கணக்கு!

ஆஸ்திரேலியாவில் ரிட்டயர் ஆன பல பேர் ஈஸிசேரில் சாய்வதில்லை. காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு மாசக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ்... சகலமும் உள்ளே! 'நரைத்தலை நாடோடிகள்' என்று இவர்களுக்குச் செல்லப் பெயர்.

செடூனா, தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரச் சின்ன ஊர். இங்கிருந்து மேற்கே நல்லர்போர் சமவெளி வழியாக நார்ஸ்மன் போக சுமார் 1,200 கிலோமீட்டர். நடுவில் 146.6 கிலோமீட்டருக்கு ரோட்டில் ஒரு வளைவுகூடக் கிடையாது. எதிரே டிரெய்லர்களைக் கோத்த ராட்சச லாரி கடந்தால், காற்று கேரவனை அறையும். பின்பக்கம் பாரம் அதிகமா? வால் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் முற்றினால் காரும் சேர்ந்து கவிழும்.

அதனால் கிளம்புமுன் எடை போடுகிறார்கள். நான் போனபோது, கேரவன் பார்க்கில் ஒரு தாத்தாவின் வண்டி தராசில் நின்றது. தகட்டில் இருந்த உச்சவரம்பு 2,800 கிலோ.

"கூடுதலா இருந்தா இவளோட புத்தக மூட்டைதான் காரணம்!" என்றார் தாத்தா. பாட்டி வாயே திறக்கவில்லை.

சமதரை. நாலு சக்கரத்துக்கு அடியிலும் ஒரே உயரத்தில் தட்டைத் தராசுகள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்தால், பக்கத்துச் சக்கரத்தின் பாரமும் அதன் தலையில் விழுந்து கணக்கு பொய்யாகிவிடுமாம்.

இடப்பக்கம் 610, 600. வலப்பக்கம் 690, 680. மொத்தம் 2,580. பிறகு காரிலிருந்து கழற்றி, மூக்கை மட்டும் நிறுத்தார்கள்: 170. ஆக 2,750.

"பாஸ்!" என்றார் தாத்தா.

"மொத்தம் பாஸ், பங்கீடு ஃபெயில்" என்றார் எடை போட்டவர். மூக்கில் சுமார் பத்து சதவீதம் இருக்கணும், இதில் ஆறுதான். வலப்பக்கம் வேறு 160 கிலோ கூடுதல். லாரி எடைமேடையில் மொத்தமாக ஏற்றியிருந்தால் இந்த வித்தியாசம் வெளியே வந்தே இருக்காது.

வலது பின்மூலையைத் திறந்தார்கள். ஜெனரேட்டர், ஜாக்கி, டூல்ஸ் பெட்டி... 90 கிலோ. அத்தனையும் தாத்தா சொத்து! அவற்றை இடது முன்பக்கம் மாற்றி மறுபடி நிறுத்தார்கள். இடம் 1,240, வலம் 1,270, மூக்கு 240. ஒரு கிலோகூட இறக்கவில்லை. வண்டி மட்டும் திருந்திவிட்டது.

"வரம்புக்கு இன்னும் 50 கிலோ பாக்கி இருக்கே..." என்று பாட்டி முதல்முறையாக வாய் திறந்தார். "இங்கே புத்தகக் கடை எங்கே இருக்கு?"