அச்சகத்துக்கு முன் மாதா கோயில்

தோட்டத்தில் ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு முடிந்தால், அடுத்த வேலையாகப் பள்ளிக்கூடத்து ஆசிரியரைத் தேடி வருவார்கள். அழைப்பிதழ் வாசகம் எழுதித் தரவேண்டும். நானும் பல ஆண்டுகளாக எழுதிக் கொடுத்து வருகிறேன். கத்தோலிக்க வீட்டார் வந்தால் மட்டும், பேனாவைத் திறக்குமுன் ஒன்று கேட்பேன்: "சாமியாரைப் பார்த்துவிட்டீர்களா?"

பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, சமையல்காரரிடம் சொல்லியாயிற்று. கோயில் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற நினைப்பு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் முந்நூறு அழைப்பிதழ் அடித்து, பாதிக்கு மேல் கொடுத்தும் முடித்தார்கள். பிறகுதான் அந்தச் சனிக்கிழமை தவக்காலத்தில் விழுவது தெரிந்தது. உயிர்ப்பு விழாவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்றார் பங்குத் தந்தை. பெண்ணின் தகப்பனார் செம்பனைக் குலை வெட்டிப் பிழைக்கும் மனிதர். மண்டபத்து முன்பணம் போனதுகூட அவரை அவ்வளவு வாட்டவில்லை. கொடுத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போய்த் தேதி மாறியதைச் சொன்னாரே, அதுதான் வாட்டியது. "மாப்பிள்ளை வீட்டில் ஏதோ தகராறாம்" என்று ஊர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண் ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை.

தவக்காலத்தில் திருமணமே கூடாது என்று திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. பெரிய வெள்ளியும் அதற்கு மறுநாள் சனியும்தான் அறவே ஆகாதவை. ஆனாலும் அந்த நாற்பது நாளில் ஆடம்பரக் கல்யாணத்துக்குப் பல பங்குகளில் இடம் கொடுப்பதில்லை. நம் உறவிலோ பாதிப் பேர் இந்துக்கள். அவர்களுக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. 2027-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தை பிறப்பது ஜனவரி நடுவில். சாம்பல் புதன் பிப்ரவரி 10. இடையில் நான்கே சனிக்கிழமைகள்! அவற்றில் ஒன்று தைப்பூசத்துக்கு மறுநாள். இன்னொன்று சீனப் புத்தாண்டு. மிஞ்சுவது இரண்டு. அந்த இரண்டுக்கும் எத்தனை பெண் வீட்டார் போட்டியிடுவார்கள்! உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28 வரை அப்புறம் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆகவே ஆறு மாதம் முன்பே போய்விடுங்கள். திருமுழுக்குச் சான்றிதழைப் புதிதாக எடுக்கச் சொல்வார்கள். பெட்டியில் இருக்கும் பழைய தாள் உதவாது. பினாங்கில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளை ஜொகூரில் வேலை செய்தால், அதற்கே நாளாகும். திருமண ஆயத்த வகுப்பு உண்டு. ஓலை வாசிப்பும் உண்டு. மாப்பிள்ளை இந்துவாக இருந்தால் ஆயரிடமிருந்து விதிவிலக்கு வரவேண்டும். அரசாங்கப் பதிவு வேறு இருக்கிறது. 1982 மார்ச் முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, மனுக் கொடுத்தபின் 21 நாள் அறிவிப்புப் பலகையில் கிடக்கவேண்டும். கோயிலிலேயே பதிவு நடக்குமா, பதிவு இலாகாவுக்குப் போகவேண்டுமா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். பதிவுப் புத்தகத்தில் உங்கள் நாளும் மணியும் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு என்னிடம் வாருங்கள்.

அழைப்பிதழில் கோயில் நேரத்தையும் விருந்து நேரத்தையும் தனித்தனியே போடச் சொல்வேன். இரண்டையும் ஒன்றாய்ப் போட்டால், பூசைக்குக் காலி நாற்காலியும் சாப்பாட்டுக்குக் கூட்டமுமாய் முடியும். மறைந்த பெரியவர் பெயருக்கு முன் "காலஞ்சென்ற" விடுபடக்கூடாது. உயிரோடிருப்பவருக்குத் தவறி விழவும் கூடாது. சிரிக்காதீர்கள், விழுந்திருக்கிறது.

தாய்மாமனுக்குக் கைத்தொலைபேசியில் படம் அனுப்பிவிட்டு, "அழைத்தோமே" என்பது எனக்கு உடன்பாடில்லை. கணவனும் மனைவியுமாகத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் போங்கள். தூரத்து உறவானால் முதலில் குரலால் அழையுங்கள், படம் பிறகு போகட்டும். இந்து உறவினரிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள்: நற்கருணை வாங்க வரிசை எழும்பும்போது அவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம். இது தெரியாமல் வரிசையில் போய் நின்று, கூச்சத்தோடு திரும்பிய பெரியம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

லயத்து வீடுகளுக்கு அழைப்பிதழே வேண்டாம் என்பார்கள் சிலர், வாய்ச்சொல் போதுமாம். போதும்தான். ஆனால் வாசல் வாசலாய்ச் சொல்லவேண்டும், ஒரு வாசலைத் தாண்டக்கூடாது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலும் படியேறிக் கூப்பிடுங்கள். வருவதும் வராததும் அவர்கள் பாடு.